பதினைந்து கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. உன் சுகத்தைப் பற்றி நீ போனில் சொல்கிறாய், நானும் கேட்டுக்கொள்கிறேன், நம்புகிறேனா என்பது வேறு விஷயம், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறாள், நீயும் சரிப்பா அப்புறம் கூப்பிடறேன் என்று பாதியில் வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். பத்தாவதில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் உன் படிப்பை வைத்துச் சரிசெய்து படித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நீ கூப்பிட்டு, அப்பா, என் பெரிய லென்ஸுக்கு ஒரு ட்ரைபாட் வேணும், அதான் மூணு கால் ஸ்டாண்டு, மேல மாட்டற ஹெட்டும் வேணும், இங்க விலை கேட்டா தலை சுத்துது, அங்க குறைஞ்ச விலைல நல்லதா ஒண்ணு பாருங்க, யாராவது வெச்சிருந்த பழசானாலும் பரவாயில்ல, இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள என் கைல இருக்கணும் என்றாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. போன வருஷம் அந்த லென்ஸை வாங்கும்போது நீ விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிடச் சின்ன சாமானுக்கு இப்போது குறைந்த விலை என்கிறாய். சின்ன வயதில் சித்தப்பா மகள் போட்ட மழைக்கோட்டு என்பதற்காக மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ, இப்போது பழசானாலும் பரவாயில்லை என்கிறாய். ஏரியில் பறவைகளைப் படமெடுக்கப் பத்து நாள் லீவு போட்டிருக்கேன் என்றாய். அத்தை மகன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டதற்கு உன் மேலதிகாரி, அதுதான் நீ மூக்கு மூக்கு என்று சொல்வாயே அந்த ஆள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்று ஒரு வாரம் புலம்பினாய், அவரா பத்து நாள் கொடுத்தார்? எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. நாலு வருஷமாக நீ கூப்பிட்டால் முதல் பத்து நிமிஷம் மூக்கைத் திட்டுவாய், பிறகுதான் சாப்பிட்டீங்களா என்று கேட்பாய். இந்த இரண்டு மாதமாக அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எடுத்த எடுப்பிலேயே சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறாய். வேலையில் இருக்கிற எந்த மனுஷனும் இரண்டு மாதம் மேலதிகாரியைத் திட்டாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆக என் சந்தேகம் இதுதான், மூடி மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ வேலையை விட்டுவிட்டாய். எங்களிடம் சொல்லவில்லை. தராசு பழுதுபார்க்கிறவனின் புத்தி இப்படித்தான் போகும், என்ன செய்ய, கடைக்குக் கடை போய் அண்ணே நம்ம தராசு சுத்தம், ஒரு குறையும் இல்லேன்னு சத்தியம் பண்ணுகிறவனுடைய தட்டைத் தூக்கி அடியில் ஒட்டியிருக்கிற காந்தத்தைப் பிடுங்கியே என் தலை நரைத்தது. முள் சரியாக நிற்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு அடித்தட்டைத்தான் பார்க்கத் தோன்றும். இந்தச் சந்தேகத்தை உன் அம்மாவிடம் சொல்லாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு ட்ரைபாட் தேடக் கிளம்பினேன், துணைக்கு உன் மாமா.

உன் மாமாவுக்கு நம் வீட்டில் புள்ளிவிவரம் என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று இந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டேன். போனை விட்டுக் கண்ணை எடுக்காமலே ரோட்டைக் கடக்கிறார். கார்பன் கால் லேசு ஆனா விலை கூட, அலுமினியம் கனம் ஆனா விலை கம்மி, நாலு மடிப்பைவிட மூணு மடிப்பு உறுதி, நடுவுல ஒரு தண்டு மேல ஏறும் அதை ஏத்தக் கூடாது என்று பாடமாக ஒப்பித்தார். பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட காமிரா கடைக்குக் கூட்டிப்போனார். அத்தான், இந்த மாடலை ஆயிரத்து இருநூறு பேர் நல்லாருக்குன்னு போட்டிருக்காங்க என்றார். அந்த ஆயிரத்து இருநூறு பேரில் எத்தனை பேரிடம் எடைக்கல் இருக்கிறது என்று கேட்டேன், அதையும் போனில் தேட ஆரம்பித்தார். கடையில் டை கட்டிய விற்பனைக்காரர், சார் பதினைந்து கிலோ தாங்கும், பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க என்றார். யார் நிறுத்துப் பார்த்தது என்றேன். கம்பெனியே போட்டிருக்கு சார் என்றார். இந்தக் கம்பெனியே போட்டிருக்கு என்கிற வார்த்தையை நான் காய்கறிக் கடையில், இரும்புக் கடையில், பழைய பேப்பர் கடையில் கேட்டிருக்கிறேன், காமிரா கடையில்தான் முதல் தடவை கேட்கிறேன். உன் மாமா தூக்க முடியாமல் தூக்கி வந்த பையைத் திறந்து, முத்திரை போட்ட ஐந்து கிலோ எடைக்கல் மூன்றை எடுத்தேன். விற்பனைக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். காலை விரித்து, மேலே ஹெட் என்கிற, எந்தப் பக்கமும் திரும்புகிற உருண்டைத் தலையை மாட்டி, அதன் உச்சியில் ஒவ்வொரு கல்லாக ஏற்றினேன். ஐந்து, பத்து, பதினைந்து. அசையவில்லை. கம்பெனி உண்மை பேசியதை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன், மனசு நெகிழ்ந்துபோய் காலும் தலையுமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் முன் அறையில் நிறுத்தி வைத்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்துக்கொண்டே வந்து ஒரே ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். ஏங்க, பாப்பாவோட லென்ஸ் இதோட உச்சந்தலைல உட்காருமா, இல்ல முன்னால நீட்டிக்கிட்டு நிக்குமா என்று கேட்டாள். நீட்டிக்கிட்டுதான் நிக்கும், ஒரு முழம் நீளமாச்சே என்றேன் பெருமையாக. அப்ப நீங்க ஏன் உச்சந்தலைல கல்லை வெச்சுப் பாத்தீங்க என்று கேட்டுவிட்டு அடுத்த புடவையை மடிக்கப் போய்விட்டாள். பாப்பா, எனக்கு அந்த நிமிஷம் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸும் கண்முன் வந்து நின்று கைகொட்டிச் சிரித்தது. ஒரே கல்லைத் தராசுக் கம்பியில் நடுவில் தொங்கவிட்டால் ஒன்று, நுனிக்குத் தள்ளினால் வேறு, கனம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதுதான் பேச்சு என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்துச் சாப்பிட்டவன் நான். பெட்டியில் எழுதியிருந்தது பொய்யில்லை, ஆனால் எங்கே வைத்தால் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்தவன் தட்டின் அடியைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தன் தலைக்கு மேல் இருப்பது தெரியவில்லை.

அன்றைக்குத்தான் உனக்கு போன் பண்ணி லென்ஸ் எத்தனை நீளம், காமிராவோடு சேர்த்து எத்தனை கனம் என்று துருவித் துருவிக் கேட்டேன், ஏன்பா எழுதி வெச்சு சோதனை பண்றீங்களா என்று சிரித்தாய். ஆமாம். குழாய் வேலைக்காரர் மாடியில் மறந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் குழாயை உன் லென்ஸ் அளவுக்கு அறுத்து, உள்ளே மணலைப் போட்டு, முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கனம் வைத்து, இரண்டு வாயையும் துணியால் அடைத்து டேப் சுற்றி, நடுவில் ஒரு திருகு வைத்து மூன்றே கால் கிலோவுக்கு ஒரு பொய் லென்ஸ் செய்தேன். அதை அந்த உருண்டைத் தலையில் மாட்டி, கைவலிக்கத் திருகி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்தேன். டீ முடிவதற்குள் குழாயின் மூக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது, பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் சாய்கிறவன் மாதிரி, கேட்டால் தூங்கவில்லை என்பான். விரலால் ஒரு தட்டுத் தட்டினேன், ஒன்பது எண்ணும்வரை ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பதுக்குள் உன் பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிடும்.

திருப்பிக் கொடுக்கப் போனோம். வாசலில் இருந்த காவலர் என்னைவிடச் சந்தேகக்காரர். குழாயைப் பார்த்தவுடனே நெஞ்சில் கைவைத்து நிறுத்தி, பெரியவரே இது என்ன என்றார். என் மகளோட லென்ஸ் என்றேன். லென்ஸ்ல இருந்து மணல் கொட்டுதே என்றார். குனிந்து பார்த்தால் உண்மையாகவே பளபளவென்று இருக்கிற அவர்கள் தரையில் கோலமே போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். உன் மாமா இவர் யாரென்றே தெரியாது என்கிற மாதிரி போனைப் பார்த்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்விட்டார், மைத்துனன் உறவின் லட்சணம் அது. கடைசியில் மேனேஜர் வந்தார், விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். நாலு வாடிக்கையாளர்கள் நிற்கிற இடமாகப் பார்த்து ட்ரைபாடை விரித்து, குழாயை மாட்டி, மேனேஜரையே திருகச் சொன்னேன். அவர் பலமெல்லாம் காட்டித் திருகினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அது மெள்ள மெள்ளக் குனிந்து அவருக்கு ஒரு வணக்கம் வைத்தது. எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது அதே காவலர் கூப்பிட்டு, பெரியவரே கோவிச்சுக்காதீங்க, என் வீட்டுக்கு மாடியில ஒருத்தர் இருக்காரு, முப்பது வருஷம் பத்திரிகைக்கு விளையாட்டுப் படம் எடுத்தவரு, இப்ப சாமானெல்லாம் விக்கறாரு, போய்ப் பாருங்க என்று முகவரி கொடுத்தார். இதில் இவருக்கு என்ன லாபம் என்று நானும் உன் மாமாவும் பஸ் நிறுத்தம்வரை ஆராய்ச்சி செய்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை, மனுஷன் சும்மாவே சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. இதை ஒரு அதிசயமாகத்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கருத்துச் சொன்னது. படக்காரர் கதவைப் பாதி திறந்து, யாருக்கு வாங்கறீங்க என்றுதான் முதலில் கேட்டார், உட்காரச் சொல்லவில்லை. மகளுக்கு என்றேன். வியாபாரிங்க எல்லாரும் மகளுக்குன்னுதான் சொல்லிட்டு வராங்க என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. சின்ன அறை, அட்டைப்பெட்டிகள் கூரைவரை, மூலையில் ஒரு ட்ரைபாட், அதன் மேல் ஈரச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. சட்டையை எடுத்தால் கால் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டு கனம், மூன்றே மடிப்பு, நடுத்தண்டே கிடையாது, பூச்செல்லாம் போய் அலுமினியம் தெரிந்தது. அதன் மேல் இருந்த தலையைத்தான் நான் இதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு பக்கம் கை மாதிரி ஒன்று மேலே போய், அதிலிருந்து ஊஞ்சல் மாதிரி ஒரு தொட்டில் தொங்கியது. கிம்பல் என்று அதற்குப் பெயராம். லென்ஸின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும்ல, அதோட பாதத்தை இந்தத் தொட்டில்ல மாட்டணும், காமிராவ மாட்டக் கூடாது, முன்னயும் பின்னயும் நகர்த்தி சமநிலை கண்டுபிடிச்சிட்டா அப்புறம் ஒரு விரல் போதும் என்றார். நான் என் குழாயை மாட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே இன்னொரு மதிப்பெண். முன்னும் பின்னும் நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தி இரண்டு திருகையும் தளர்த்திவிட்டுக் கையை எடுத்தேன். நின்றது பாப்பா. மேலே தூக்கிவிட்டேன், மேலேயே நின்றது. கீழே தாழ்த்தினேன், அங்கேயே நின்றது. இறுக்கிப் பிடித்து அல்ல, இறுக்கமே இல்லாமல். இது தராசு, என் சொந்தக்காரன், நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தது என் பட்டறையில் தொங்குகிற சாமானை.

ஆனாலும் புத்தி விடுமா. நல்லா இருக்கிறதை ஏன் விக்கறீங்க என்றேன். முதுகுல டிஸ்க் நகர்ந்துபோச்சு, டாக்டர் ரெண்டு கிலோவுக்கு மேல தூக்காதேங்கறாரு என்றார். டீ போட எழுந்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டு மூன்று தவணையாக எழுந்தார், சரி, முதுகு உண்மை என்று குறித்துக்கொண்டேன். அவர் சமையலறையில் இருக்கும்போதே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ட்ரைபாட் உச்சியில் வைத்து ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்த்தேன். இரண்டு காலுக்கு அலை இரண்டு எண்ணுவதற்குள் அடங்கியது. மூன்றாவது காலுக்கு ஆறுவரை போயிற்று. கையோடு கொண்டுபோயிருந்த எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தால் அந்தக் காலின் கீழ் மடிப்பு நூல் நூலாக உள்ளே வழுக்குகிறது. டீயோடு வந்தவர் நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, இதுவரைக்கும் ஏழு பேர் வந்து பாத்தாங்க, நீங்கதான் கண்டுபிடிச்சீங்க என்றார், முகத்தில் வெட்கம் பாதி மரியாதை பாதி. சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் என்றார். இந்த வார்த்தை என்னை எங்கேயோ குத்தியது, ஏன் என்று அப்போது தெரியவில்லை. காலை நானே சரிசெய்துகொள்கிறேன், விலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன், சொன்னார், நியாயமான விலை.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைப் போட்டார். உங்க மகளுக்கு இது பொழுதுபோக்கா, தொழிலா? பொழுதுபோக்குன்னா காலை மட்டும் எடுத்துக்குங்க, மேல சின்னதா நல்ல உருண்டைத் தலை போதும், ஒரு மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்குப் போற ஆளுக்கு இந்தக் கிம்பல் வெட்டிக் கனம், வெட்டிச் செலவு. ஆனா விடிஞ்சா பொழுதடைஞ்சா தண்ணியோரம் நிக்கற வேலைன்னா, இது இல்லாம மூணாவது நாள் தோள்பட்டை போயிடும், அஞ்சாவது நாள் எடுக்கற படமெல்லாம் குப்பை என்றார். எல்லாருடைய தட்டையும் தூக்கிப் பார்க்கிறவன், என் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஒருவர் கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன். கேட்டுட்டு வந்து சொல்றேன் என்று இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் ஆச்சரியமே படவில்லை. எனக்கு அவ ஒண்ணும் சொல்லலைங்க, ஆனா போன மாசமே தெரியும் என்றாள். எப்படித் தெரியும் என்றேன். உங்களோடது எப்படித் தெரிஞ்சதோ அப்படித்தான் என்றாள். இங்கேதான் உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது, உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, சொல்கிற அளவுக்குப் பெருமையான கதையும் இல்லை. உனக்கு மூன்று வயது இருக்கும்போது நான் தராசு தொழிற்சாலை வேலையை விட்டேன். பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது, ஃபோர்மேனோடு ஒத்துப்போகவில்லை, நான் சரிபார்த்த தராசில் என் கையெழுத்து இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. உன் அம்மாவிடம் சொல்லப் பயம். தினமும் காலையில் அதே நேரத்துக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பி, லாரி எடைமேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அதில் உட்கார்ந்திருப்பேன், வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் ஈ ஓட்டுவேன். அந்தத் தொழிற்சாலையில் கிரீஸ் கழுவ மாதம் இரண்டு சோப்புக் கட்டி கொடுப்பார்கள், அதைத்தான் வீட்டில் துணிக்குப் போடுவோம். அது நின்றால் தெரிந்துவிடுமே என்று அதே நிறத்தில் அதே அளவில் கடையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட கெட்டிக்காரத்தனம் எனக்கு. எட்டாவது மாதம் கையில் கொஞ்சம் காசு புரண்ட பிறகு உண்மையைச் சொன்னால், முதல் மாசமே தெரியும், அந்த சோப்புல தொழிற்சாலை முத்திரை இல்லையே என்றாள். ஏழு மாதம் என்னை நடிக்க விட்டிருக்கிறாள் பாப்பா! அந்த ஏழு மாதமும் டப்பாவில் சோற்றுக்கு அடியில் ஒரு அவித்த முட்டை கூடுதலாக இருக்கும், நான் அதையும் என் அதிர்ஷ்டம் என்று நினைத்துத் தின்றிருக்கிறேன்.

இப்போதும் உன் அம்மா அதையேதான் சொல்கிறாள், அவளா சொல்ற வரைக்கும் விடுங்க, உங்கள நான் கேட்டேனா என்கிறாள். அவள் சொல்வதில் அன்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவன் நான், அவளல்ல. வேலை இல்லாததுகூட அத்தனை பாரமாக இல்லை, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னிக்கு தொழிற்சாலைல செம வேலை என்று சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் பாரம். இரண்டாவது மாதம் அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். ஏழு மாதம் பொறுக்கிற பெருந்தன்மை எனக்கும் இல்லை, என் முழங்காலுக்கும் இல்லை. அதனால் இரண்டாவது மாதத்திலேயே கேட்டுவிடுகிறேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நாளைக்கு நீ சொல்ல இடம் வைக்க மாட்டேன். வேலையை விட்டுவிட்டாயா? விட்டிருந்தால் எனக்குக் கோபமா என்று கேட்டால், புதன்கிழமை காலையில் இருந்தது, சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. பயம் இருக்கிறது, அது போகாது, அது அப்பன் வேலையின் ஒரு பகுதி. பறவை படம் எடுத்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள், ஏரிக்கு உன்னை அனுப்புகிறவர்கள் யார், எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, வாய்ப்பேச்சா, இதெல்லாம் நான் கேட்பேன், நீ பதில் சொல்ல வேண்டும், நான் பாதியை நம்ப மாட்டேன், அது நமக்குள் வழக்கம்தானே.

மறுநாள் காலையில் மூன்று மாடி ஏறிப்போய்க் காலும் கிம்பலும் சேர்த்தே வாங்கிவிட்டேன். படக்காரர் பதில் என்ன என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டிலைக் கழற்றித் துணியில் சுற்ற ஆரம்பித்தார். வழுக்கிய காலைப் பட்டறையில் பிரித்து, தேய்ந்த வளையத்தை எடுத்துவிட்டு மேடைத் தராசுக்குப் போடுகிற வளையத்தைப் போட்டிருக்கிறேன், அந்தக் காலில் நீல டேப் சுற்றியிருக்கிறது, எடைக்கல்லை ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டேன், மயிரிழை இறங்கவில்லை. ஆனாலும் நம்பிவிடாதே, போனதும் நீயே ஒரு தடவை தொங்கவிட்டுப் பார். காலை நீட்டும்போது மேலே இருக்கிற தடித்த மடிப்பை முதலில் நீட்டு, ஒல்லியானதைக் கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும். சேற்றில் நிறுத்தினால் ஒவ்வொரு காலையும் அழுத்தி உட்காரவிட்டுப் பிறகு லென்ஸை ஏற்று. காற்று அடித்தால் கீழே கொக்கியில் உன் பையைத் தொங்கவிடு, பை தரையை லேசாகத் தொடட்டும், அந்தரத்தில் ஆடினால் அதுவே ட்ரைபாடை ஆட்டும். திருகைத் தளர்த்தும்போது ஒரு கை லென்ஸுக்கு அடியில் இருக்கட்டும், சமநிலை சரியாக இருந்தாலும் இருக்கட்டும். லென்ஸோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்காதே. வீட்டுக்கு வந்ததும் ஈரத்தைத் துடைத்துவிட்டு மடி. பொய் லென்ஸை அனுப்பவில்லை, அதை உன் அம்மா ஜன்னல் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துவிட்டாள்.

இன்று காலை பார்சல் ஆபீஸுக்கு நானும் உன் அம்மாவும் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், பெட்டி கனமா இருக்கு சார், ஆபீஸ் முகவரி கொடுத்தா சௌகரியம், வீடுன்னா வேலை நாள்ல பகல்லதான் கொண்டு வருவாங்க, கையெழுத்துப் போட ஆள் இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, பகல்ல வீட்ல யாராவது இருப்பாங்களா என்று கேட்டாள். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள். வீட்டு முகவரியே போடும்மா, என் மக இருப்பா, அவ இப்ப சொந்தத் தொழில் பண்றா என்றேன். அந்தப் பெண் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு மூச்சு விட லேசாக இருந்தது. உன் அம்மா படிவத்தை வாங்கி என் எழுத்து புரியாது என்று தானே உன் பெயரை எழுதினாள், தொழில் என்கிற கட்டத்தில் படக்கலைஞர் என்று எழுதினாள், எழுதிவிட்டு அந்த வார்த்தையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் முன்னால் வரும், பெட்டி பின்னால் வரும். போகிற இடத்தில் உனக்கு ஒரு குறையும் வராது, கண்ணும் கையும் தோளும் நன்றாக இருக்க நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம், நேரத்துக்குச் சாப்பிடு. மறந்துவிடாதே, வருகிற வியாழக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் பெட்டி வரும். மணி அடித்தால் கதவைத் திறந்து, உன் கையால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். வாங்கியதும் எனக்குக் கூப்பிடு, பெட்டி வந்ததா என்று மட்டும்தான் நான் கேட்பேன், மீதியை நீ சொல்.

அன்புடன்,
உன்னைச் சந்தேகப்பட உரிமையுள்ள ஒரே ஆள்,
அப்பா